வாய் கூறும் செய்தி

நம் முன்னோர் காலத்துப் பரியாரியார் நோயாளியின் பாயருகே வந்து அமர்ந்ததும் முதலிற் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். பின்னர், "நாக்கை நீட்டும்" என்பார். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டினாலும் நோயை ஆராய்தல் சித்த வைத்திய மரபு. அவ்வெட்டினுள் நாவுக்கு ஓர் இடம் தந்தமை வெறும் சடங்கன்று. உடம்பின் உட்புறத்தைக் கத்தி வையாமலும் கருவி நுழையாமலும் காணக்கூடிய இடம் வாய் ஒன்றே. வெளிச்சத்தை நோக்கி வாயைத் திறந்தால் உள்ளே நடப்பது தெரியும்.

இக்காலத்துப் பெருநோய்களுள் ஒன்றாகிய எச்.ஐ.வி. விடயத்தில் இம்மரபின் உண்மை வியக்கத்தக்கவாறு புலப்பட்டது. 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் 5 ஆம் நாள், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தன் வார அறிக்கையிற் சிறிய குறிப்பொன்றை வெளியிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞருக்கு, அந்த வயதில் வரக்கூடாத ஒருவகை நுரையீரல் அழற்சி வந்திருந்தது. இருவர் இறந்தும் போயினர். எயிட்ஸ் என்ற பெயரே பிறவாத அந்நாளில் எழுதப்பட்ட அக்குறிப்பிலே இன்னுமொரு செய்தி இருந்தது: ஐவருக்கும் கன்டிடா என்னும் பங்கசு மென்சவ்விற் படர்ந்திருந்தது. ஆகவே, இந்நோயின் வரலாற்றில் முதலேட்டிலேயே இப்பங்கசுக்கு இடமுண்டு. நோய்க்குக் காரணமான வைரசைப் பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்து விஞ்ஞானிகள் இனங்கண்டது அதன் பின்னர், 1983 ஆம் ஆண்டிலேதான்.

வேலியும் ஆடும்

வாயில் ஏன் முதலில் தெரிகின்றது? மாணவர்கள் இதனை நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

நலமுள்ள ஒருவரின் வாயிலும் நூற்றுக்கணக்கான வகைப் பற்றீரியாக்களும் பங்கசுகளும் குடியிருக்கின்றன. கன்டிடாவும் நம்மிற் பலருடைய வாயில் எத்தொல்லையும் தராமல் உள்ளது. நமது நிர்ப்பீடனம் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றது. அவ்வடக்கத்தை நடத்தும் தலைவர்போல் விளங்குவன குருதியில் உள்ள சி.டி.4 என்னும் வெண்கலங்கள். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் அவை 500 முதல் 1500 வரை இருத்தல் இயல்பு. எச்.ஐ.வி. இக்கலங்களுள்ளே புகுந்து பெருகி அவற்றை அழிக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணிக்கை இறங்கும். 200 இற்குக் கீழே போனால் ஆபத்தான நிலை.

வேலி உக்கினால் வெளியிலிருக்கும் ஆடு உள்ளே புகும் என்று நம்மூரிற் சொல்வோம். இங்கே கதை சற்று வேறு. ஆடு வளவுக்குள்ளேதான் கட்டிக் கிடக்கின்றது. கயிறு இற்றதும் பயிரை மேயத் தொடங்குகின்றது. புதிதாக ஏதும் வரவேண்டியதில்லை. இருந்ததே எழுந்து நிற்கின்றது. எனவேதான் காய்ச்சலோ மெலிவோ தோன்றுவதற்கு முன்னரே நாவிலும் அண்ணத்திலும் முரசிலும் குறிகள் தென்படுதல் உண்டு. பற்களைப் பற்றியிருக்கும் சதையை முரசு என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. தமிழகத்தார் அதனை ஈறு என்பர்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இவ்விடயத்தைத் தமிழர் நாட்டிலேயே, தமிழ் நோயாளரிடத்திலேயே ஆராய்ந்தவர்கள் உளர். அது பெருமைக்குரியது, ஆயினும் நம்மவர் பலர் அறியாதது.

1986 ஆம் ஆண்டிலே சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியற் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சொலமன், "இந்தியாவில் இந்நோய் இராது" என்று பலரும் உறுதியாகக் கூறிக்கொண்டிருந்த காலத்தில், தம் மாணவி நிர்மலாவைக் கொண்டு பாலியற் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களின் குருதியைச் சேகரித்துச் சோதிக்கச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த அச்சோதனையில் எச்.ஐ.வி. இருப்பது வெளியாயிற்று. இந்தியாவில் முதலிற் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே. ஒரு மாணவி கையில் மாதிரிகளுடன் இரவு இரயிலேறிப் போனதிலிருந்து ஒரு பெருநாட்டின் மருத்துவ வரலாறு திரும்பியது என்பதை நம் விஞ்ஞான மாணவிகளுக்கு நான் அடிக்கடி எடுத்துரைப்பது வழக்கம்.

சுனிதி அம்மையார் 1993 இல் சென்னையில் வை.ஆர்.ஜி. கெயர் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே வந்த நோயாளரின் வாய்நிலையைச் சென்னை ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கே. ரங்கநாதனும் உடன்பணியாளரும் ஆராய்ந்தனர். முந்நூறு பேரை ஒவ்வொருவராகப் பரிசோதித்த முடிவு 2000 ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முரசு அழற்சியும், மூன்றிலொரு பங்கினர் அளவிலானோருக்கு வெண்படலமாகப் படரும் கன்டிடாவும் காணப்பட்டன. மேனாட்டு நோயாளரிடத்து அக்காலத்தில் மிகுதியாகப் பேசப்பட்ட கப்போசி என்னும் ஊதாநிறப் புற்றுக்கட்டி தென்னிந்தியரிடத்து அரிதாகவே இருந்தது. மேனாட்டுப் புத்தகத்தை மாத்திரம் படித்துவிட்டு நம்மவர் வாயைப் பார்க்கும் வைத்தியருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் அவசியம். இத்துறையின் உலக மாநாடு 2014 இல் ஐதராபாத்திலே நடைபெற்றமைக்கு இந்திய ஆராய்ச்சியாளரின் இத்தகைய உழைப்பும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

இனி, அக்குறிகள் எத்தகையன என்று பார்ப்போம்.

பாலுண்ணும் குழந்தையின் நாவில் தயிராடை போன்ற வெண்மை படர்வதைத் தாய்மார் கண்டிருப்பர். அக்கரம் என்று அதனைக் கூறுவர். கன்டிடா ஏற்படுத்துவதும் அதுவே. துணியால் துடைத்தால் வெண்மை அகன்று, கீழே செந்நிறப் புண்போன்ற இடம் தெரியும். குழந்தைக்கு அது சிறு தொல்லை. வளர்ந்த ஒருவருக்குக் காரணம் தெரியாமல் தோன்றி, மருந்திட்டும் மீண்டும் மீண்டும் வருமாயின் ஆராயவேண்டியது. இதன் இன்னொரு வடிவம் வெண்மையே இல்லாதது. அண்ணத்திலோ நாவின் நடுவிலோ செந்நிறத் திட்டாக மட்டும் இருக்கும். நோவும் அதிகம் இராது. ஆதலால் நோயாளியும் கவனியார், அவசரக்கார வைத்தியரும் கவனியார். மூன்றாவது வடிவம், வாயின் இரு கடைகளிலும் வெடிப்பு. விழுங்கும்போது நெஞ்சுக்குழியில் நோவெடுத்தால் பங்கசு உணவுக்குழாய்வரை இறங்கிவிட்டது என்று ஐயுறல் வேண்டும், அது எயிட்ஸ் நிலையைக் குறிப்பது, தாமதிக்கலாகாது.

நாவின் பக்கங்களிலே, மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக, மயிர் படிந்தாற்போன்ற வெண்படலம் ஒன்று உண்டு. துடைத்தால் அது போகாது, நோவும் இராது. அதனைச் சான் பிரான்சிஸ்கோவில் கிறீன்ஸ்பன் தம்பதியர் 1984 இல் முதன்முதல் விவரித்தனர். எப்ஸ்ரீன் பார் வைரசு அதற்குக் காரணம் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. அப்படலம் தானாக உயிருக்குத் தீங்கு செய்வதன்று. அது கூறும் செய்தியே முக்கியம்.

முரசு நோய்களுள் ஒன்று மிகக் கொடியது. பற்களின் இடையிலுள்ள முரசு நுனிகள் அழுகி, கடும் நோவும் குருதிக் கசிவும் தாங்கொணாத் துர்நாற்றமும் உண்டாகும். முதல் உலகப் போரிலே அகழிகளுள் மாதக்கணக்கிற் கிடந்த போர்வீரருக்கு வந்தமையால் 'அகழி வாய்' என்று பெயர் பெற்றது. நிர்ப்பீடனம் குன்றியவருக்கு அது எலும்புவரை சென்று பற்களை ஆட்டிவிடும். இதைத் தவிர, உதட்டிலும் அண்ணத்திலும் கொப்புளிக்கும் ஹேர்ப்பிசு, ஆறாத பெரும்புண்கள், சிறுவர்க்குக் காதடியில் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குதல் முதலியனவும் உண்டு.

உமிழ்நீர் குறைதலைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நோயினாலும் சில மருந்துகளினாலும் வாய் வரண்டுபோகின்றது. உமிழ்நீர் பற்களைக் கழுவும் நீர் மாத்திரமன்று. அமிலத்தைச் சமன்படுத்திப் பல்லின் சுண்ணச் சத்தைக் காப்பதும் அதுவே. அது குன்றினால் சில மாதங்களிலேயே பற்கள் அடியிற் சூத்தை விழும். வாய் வரட்சிக்கு இனிப்புத் தேநீரை நாள் முழுதும் உறிஞ்சுவது நம்மவர் பழக்கம். சூத்தைக்கு அதைவிட நல்ல உரம் வேறில்லை. வெறும் நீரை அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகுதலும், புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையால் இருவேளையும் துலக்குதலுமே தக்கன. ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் உமிக்கரியையும் நான் பழிக்கவில்லை. ஆனால் புண்பட்ட முரசுக்கு மென்மையான தூரிகையே ஏற்றது, கரித்தூள் அன்று.

இத்தனையும் படித்துவிட்டு, கண்ணாடியின் முன்னே நின்று நாக்கை நீட்டி எவரும் அஞ்சிவிடுதல் வேண்டாம். நாவில் வெண்மை படர்ந்தவரெல்லாம் எச்.ஐ.வி. உடையவர் அல்லர். சலரோகம் கட்டுக்கு அடங்காதவருக்கும், தொய்வுக்கு மருந்துத்தூள் இழுத்துவிட்டு வாய் கொப்புளியாதவருக்கும், அன்ரிபயோற்றிக் மருந்துகளை நெடுநாள் உண்டவருக்கும், பொய்ப்பற் கட்டை இரவிலும் கழற்றாமற் படுக்கும் முதியவருக்கும் இதே கன்டிடா வரும். நமது தீவுகளிலே இக்கடைசிக் காரணம் மிகச் சாதாரணம். கட்டைக் கழற்றிக் கழுவி நீரிலிட்டுவிட்டு உறங்கினாலே பாதி நோய் தீரும். முரசிலே கருமை படர்ந்திருத்தலும் நம்மவர்க்குப் பெரும்பாலும் பிறவி நிறமே. வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லும் பெரியோரின் கன்னத்துள் தோன்றும் வெண்டிட்டு வேறொரு விடயம். அது வாய்ப்புற்றின் முன்னோடியாகலாம். இலங்கை ஆண்களிடத்தே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. எதற்கு எது காரணம் என்பதைப் பிரித்தறிதல் வைத்தியர் பணி. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ எதுவாயினும் காட்டிவிடுதல் நம் பணி.

குறிகள் காணப்பட்டாற் செய்யத்தக்கது என்ன? கன்டிடாவுக்கு நிஸ்ரற்றின் என்னும் நீர்மருந்து உண்டு. அதனை உடனே விழுங்காமல் வாயில் வைத்துச் சுழற்றுதல் வேண்டும். கடுமையானால் புளுகொனசோல் குளிசை. அகழி வாய்க்குப் பல் வைத்தியரின் துப்புரவும், குளோர்ஹெக்சிடின் கொப்புளிப்பும், மெற்றொனிடசோல் குளிசையும் விரைந்து குணம் தரும். ஆயினும் இவை யாவும் ஆட்டைத் துரத்துவன. கயிற்றைத் திரிப்பன அல்ல. கயிற்றைத் திரிப்பது எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்தே. 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்து உண்ணும் முறை வந்ததிலிருந்து நோயாளரின் வாயிற் கன்டிடாவும் வெண்படலமும் பெரிதும் குறைந்துவிட்டன. நோயறிந்த எவருக்கும், சி.டி.4 எண்ணிக்கை இறங்கும்வரை காத்திராமல், உடனே மருந்து தொடங்குக என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவித்தது. நம் நாட்டிலே அம்மருந்து 2004 முதல் அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்படுகின்றது. ஒழுங்காக உண்டு வருபவரின் குருதியில் வைரசு சோதனைக்கு அகப்படாத அளவுக்குத் தணிந்துவிடும். அந்நிலை நிலைத்திருக்கும்வரை பாலுறவினாலும் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. இஃது ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்ட உண்மை.

ஒரே கோப்பை

வகுப்பிலே இவ்விடயம் எழுந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அந்த வருத்தம் உள்ளவர் குடித்த கோப்பையிலே நாங்கள் குடித்தால் எங்களுக்கும் வருமோ?" வகுப்பு முழுவதும் என் முகத்தையே பார்த்தது. அக்கேள்வி அவனுடையது மாத்திரமன்று. அவனுடைய வீட்டாருடையது, நம் ஊராருடையது.

வராது. உமிழ்நீரில் இவ்வைரசு இருப்பது மிக மிகச் சொற்பம். இருப்பதையும் அடக்கும் புரதங்கள் உமிழ்நீரிலேயே உள்ளன. ஒரே கோப்பை, ஒரே செம்பு, ஒரே பந்தி, ஒரே கிணறு, இருமல், தும்மல், நுளம்புக்கடி, இவற்றாற் தொற்றியது என்று எங்கும் நிறுவப்பட்டதில்லை. கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் மூன்று குழந்தைகளுக்கு, நோயுடைய பெரியவர் தாம் மென்று ஊட்டிய உணவினால் தொற்றியதாக 2009 இல் வைத்தியர்கள் எழுதினர். அங்கும் குற்றவாளி உமிழ்நீர் அன்று. முரசிலிருந்து கசிந்து உணவிற் கலந்த குருதி. முரசின் நலம் எவ்வளவு வேண்டற்பாலது என்பதற்கு அதுவும் சான்று. குழந்தைக்கு மென்று ஊட்டுதல் எந்த வீட்டிலும் வேண்டாத வழக்கம். பிசைந்து ஊட்டினாற் போதும். தூரிகையையும் சவர அலகையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாமை எல்லார்க்கும் பொது விதி.

முரசை ஒரு பஞ்சுக்கோலால் தடவி எச்.ஐ.வி.யைச் சோதிக்கும் கருவி இருக்கின்றதே, அப்படியாயின் வாயில் வைரசு உண்டன்றோ என்று வினவுவாரும் உளர். அக்கருவி தேடுவது வைரசை அன்று. வைரசை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய பிறபொருளெதிரியை. அது தொற்றும் பொருளன்று.

அச்சம் பொதுமக்களிடம் மாத்திரம் இருந்தாற் பொறுத்துக்கொள்ளலாம். 1990 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பல் வைத்தியரிடமிருந்து நோயாளருக்குத் தொற்றியதாக வெளிவந்த செய்தி உலகெங்கும் பல் வைத்தியத்தையே நடுங்கவைத்தது. அதுபோன்ற சம்பவங்கள் மிக அரியன. ஆனால் நடுக்கம் இரு திசையிலும் பரவியது. நோயாளர் வைத்தியருக்கு அஞ்சினர். வைத்தியருட் சிலர் நோயாளருக்கு அஞ்சினர். "இங்கே வசதியில்லை, வேறிடம் போம்" என்று திருப்பி அனுப்பப்பட்டோர் பல நாடுகளில் உளர். இது கல்வியாளர் வெட்கப்படவேண்டிய காரியம் என்பது என் கருத்து. ஏனெனில், விதி மிக எளிது: வந்தவருக்கு நோய் உண்டா இல்லையா என்று பாராமல், எல்லாரையும் ஒரே முறையிற் காக்கவேண்டும். புதிய கையுறை, முகமூடி, ஒருமுறை பாவிக்கும் ஊசி, 121 பாகை நீராவியிற் பதினைந்து நிமிடம் அவிக்கப்பட்ட கருவிகள். எச்.ஐ.வி. வெப்பத்தைத் தாங்காத மெலிந்த வைரசு; அதனிலும் வலிய ஹெப்பற்றைற்றிசு பி வைரசையே இம்முறை கொன்றுவிடும். தவறி ஊசி குத்தினாலும் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று அளவே. 72 மணி நேரத்துள் தடுப்பு மருந்து தொடங்கினால் அதுவும் பெரிதும் குறையும். தமக்கு நோயுண்டு என்று உண்மை கூறுபவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூறாதவருக்கும் அறியாதவருக்கும் பல் பிடுங்குவதனால் வைத்தியர் எந்தப் பாதுகாப்பைப் பெறுகின்றார்? அடுத்தவர் வாய் திறந்து உண்மை சொல்லாதபடி செய்துகொள்வதே அதன் பலன்.

அச்சம் குழந்தைகளையும் விடவில்லை. 2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி, அவனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி பரவியது. அவனுக்கு அந்நோய் இல்லை என்று சோதனை காட்டிய பின்னரும் பெற்றோர் தத்தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிச் சென்றனர். பாடசாலைகள் மறுத்தன. ஈற்றிற் கண்டித் திரித்துவக் கல்லூரி அவனுக்கு இடமளித்தது. அவனுக்கு நோய் இல்லை என்பதனாற் சேர்த்துக்கொள்ளத் தக்கவன் என்று வாதிட்டவர்கள் பலர். நோய் இருந்திருந்தாலும் சேர்த்துக்கொள்ளத் தக்கவனே என்று கூறியோர் சிலரே. ஆசிரியனாகிய நான் அச்சிலர் பக்கம் நிற்பவன்.

இலங்கை இந்நோய் மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று. வளர்ந்தோருள் ஆயிரத்துக்கு ஒருவரிலும் குறைவானோரிடமே அது உள்ளது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுதலை இந்நாடு ஒழித்துவிட்டது என 2019 இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இது பெருஞ் சாதனை. எனினும் குறைந்த எண்ணிக்கைக்கு ஒரு தீங்கும் உண்டு: சிலராக இருப்பவர் மிகத் தனியராக இருப்பர்.

அத்தனிமை எத்தகையது என்பதைப் புங்குடுதீவு போன்ற ஊரில் வாழ்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒருவர் வீட்டுக் கறியின் மணம் அடுத்த வளவுக்குத் தெரியும். குறிகட்டுவானிலிருந்து புறப்படும் பேருந்தில் ஏறினால், வாணர் பாலம் தாண்டுவதற்குள், "தூரப் பயணமோ?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்டுவிடுவார். வேலணை கடந்து, பண்ணை கடந்து, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் இறங்குமட்டும் அக்கேள்விக்கு ஒரு விடை வேண்டும். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு என்று யார் சொல்வார்? ஆனால், "பல்லு வருத்தம், காட்டப் போறன்" என்றால் அப்பேச்சு அதனோடு முடிந்தது. சூத்தைப் பல்லுக்கு மானக்கேடு இல்லை. பாரிசு, சூரிச், ரொறன்ரோ என்று எந்நகரிலிருந்து விடுமுறைக்கு வந்தவராயினும், ஊரை விட்டு அகலாதவராயினும், பல்லுக்காகப் போகலாம்.

பல் வைத்தியரின் நாற்காலிக்கு இவ்விடயத்தில் உள்ள மதிப்பு அதனாலேயே பெரிது. வேறெங்கும் போகத் துணியாதவர் அங்கே வந்து வாயைத் திறக்கின்றார். அண்ணத்துச் செந்திட்டை அவ்வைத்தியர் கவனித்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, "ஒரு குருதிச் சோதனையும் செய்து பார்ப்போமே" என்று கூறினால் ஓர் ஆயுளையே மீட்கலாம். அரசாங்க நிலையங்களில் அச்சோதனைக்குக் கட்டணமில்லை, இரகசியம் காக்கப்படும். தொற்று நிகழ்ந்து சில வாரங்கள் வரை சோதனையிற் தெரியாதிருக்கலாம் ஆதலால், ஐயம் இருப்பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்வர். நோயுண்டு என்று முன்னரே அறிந்தவர்கள் ஆறு மாதத்துக்கொருமுறை பல் வைத்தியரைக் காணும்போது தாம் உண்ணும் குளிசைகளின் பெயர்களை ஒரு துண்டில் எழுதி எடுத்துச் செல்வாராக; புளுகொனசோல் போன்ற மருந்துகள் வேறு சில குளிசைகளோடு ஒத்துப்போவதில்லை.